தலைக்கணக்கு

பிப்ரவரி 3

ஏழாவது வட்ட நகர்மன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

"அவர்களுக்கு"ன்னு எழுதறப்பவே கை கூசுது. இருந்தாலும் மனுன்னா அப்படித்தான் ஆரம்பிக்கணுமாம், எழுதித் தொலைச்சுட்டேன்.

போன் அடிச்சா நீ எடுக்கறதில்ல. வீட்டுக்கு வந்தா உன் பொண்டாட்டி வாசப்படியிலேயே நின்னு "அவர் மீட்டிங் போயிருக்கார் அண்ணி"ங்கறா. நீ உள்ள தும்முறது தெருமுனை வரைக்கும் கேக்குது. அதனால சட்டப்படி வர்றேன். எழுத்து மூலம் மனு குடுத்தா பதினஞ்சு நாளைக்குள்ள எழுத்து மூலம் பதில் சொல்லணும்னு உங்க ஆபீஸ் சுவத்துல எழுதி ஒட்டியிருக்கு. நாலு தெரு தள்ளி இருக்கற கூடப்பொறந்தவனுக்கு ரப்பர் முத்திரை குத்தி லெட்டர் போட வச்சுட்டே. நல்லா இரு.

நவம்பர் கூட்டத்துல நான் பேசினதுதான் உன் கோவத்துக்குக் காரணம்னு தெரியும். அத்தனை பேர் நடுவுல "உனக்குக் கால் கழுவி விட்டவடா நான், எங்கிட்டயே புள்ளிவிவரம் சொல்றியா"ன்னு கேட்டேன். கேட்டது நிஜம். கழுவினதும் நிஜம். அதுக்காக ரெண்டு காவலாளிய விட்டு அக்காவை வெளியே தள்ளுவியா? ஒருத்தன் என் முழங்கையைப் பிடிச்ச இடம் ஒரு வாரம் வலிச்சுது.

விஷயத்துக்கு வர்றேன். எங்க தெரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தை மூடிட்டு, பிள்ளைங்களை ஆறு வழி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற பெரிய பள்ளிக்கூடத்தோட சேர்க்கப் போறீங்களாம். இந்த இடத்துல தண்ணித் தொட்டி கட்டுவீங்களாம். ஆறு வயசுப் பிள்ளை அந்த ரோட்டைத் தாண்டுமா? நானே தாண்டறதில்ல. என் தையல் மெஷினுக்கு எதிர் ஜன்னல்தான் பள்ளிக்கூட கேட். பிள்ளைங்க குறைஞ்சு போச்சுன்னு உங்க அறிக்கையில பொய் எழுதியிருக்கீங்க. என் அளவு நோட்டுல நூத்தி முப்பத்தோரு பிள்ளைங்களோட தோளும் இடுப்பும் இருக்கு. நான் யாருக்கு உடுப்பு தைச்சேன், ஆவிக்கா?

இருநூத்திப் பதினாலு கையெழுத்து இணைச்சிருக்கேன். ஒவ்வொரு வீடா ஏறி இறங்கி வாங்கினது. பதில் வேணும்.

மனுதாரர்,
தையல்கடை, பள்ளிக்கூடத் தெரு

*

பிப்ரவரி 12
மனு எண் 412

மனுதாரர் அவர்களுக்கு,

தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. பதில் பின்வருமாறு.

பள்ளியின் வருகைப் பதிவேட்டின்படி இன்றைய தேதியில் பயிலும் மாணவர் எண்ணிக்கை தொண்ணூற்று ஏழு. ஒரு பள்ளி தனியாக இயங்கக் குறைந்தபட்ச எண்ணிக்கை நூற்று இருபது. ஐந்து வகுப்புக்கு மூன்று ஆசிரியர்கள், இரண்டு கழிவறைகள். பெரிய பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உண்டு, நூலகம் உண்டு.

குடிநீர்த் தொட்டிக்கு நகராட்சி வசம் இப்பகுதியில் உள்ள ஒரே இடம் அதுவே. குடிநீர் கோரிக் கடந்த ஆண்டில் இதே மனுதாரர் மூன்று மனுக்கள் அளித்துள்ளார் என்பது கோப்பில் உள்ளது.

தங்கள் அளவு நோட்டில் உள்ள நூற்று முப்பத்தொரு பிள்ளைகளில் முப்பத்து நான்கு பேர் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். அளவெடுத்தவர் பெயரை அடிக்க மறந்திருக்கலாம். அந்த முப்பத்து நான்கில் ஒருத்தி தங்கள் பேத்தி. கழுத்தில் டை கட்டிக்கொண்டு தினமும் காலை ஏழேகாலுக்குத் தனியார் பள்ளி வேனில் ஏறுவது தங்கள் ஜன்னலிலிருந்து தெரியாதா?

கையெழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பதிவேட்டோடு சரிபார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு பேரில் அந்தப் பள்ளியில் பிள்ளை படிப்பவர்கள் ஒன்பது பேர். மீதி இருநூற்று ஐந்து பேருக்கும் பள்ளிக்கூடம் வேண்டும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு. ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதானே அக்கா?

உறுப்பினர், ஏழாவது வட்டம்

*

பிப்ரவரி 14

உறுப்பினரே,

கடைசி வரியில "அக்கா"ன்னு எழுதிட்டியே, டைப் அடிக்கிறவர் பார்த்து சிரிச்சிருப்பாரே.

லெட்டரைப் படிச்சு ரெண்டு நாள் ஊசி ஓடல. ஒருத்தரோட ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையையும் இடது கையா வெட்டிட்டேன். அப்புறம் எழுந்து எதிர்ல போய் தலைமை டீச்சர் கிட்ட பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். தொண்ணூத்தி ஏழுதான். நீ பொய் சொல்லல. உன் வாழ்க்கையில இது ரெண்டாவது தடவையா இருக்கும்.

நான் அளவு நோட்டுல யாரையும் அடிக்கறதில்ல. போன பிள்ளை திரும்பி வரலாம்னு வச்சிருப்பேன். அது என் தொழில் பழக்கம். அதைக் குத்திக்காட்ட வேண்டியதில்ல.

பேத்தியைப் பத்தி எழுதினியே, அது என் மகளும் மருமகனும் எடுத்த முடிவு. நான் வேணாம்னு சொன்னேன். சரி, மெதுவாத்தான் சொன்னேன். நீ ரொம்ப யோக்கியமா? உன் பையனும் அதே வேன்லதானே போறான்? ரெண்டும் ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்குதுங்களாம். வட்ட உறுப்பினரோட பிள்ளை வட்டத்துப் பள்ளிக்கூடத்துல கால் வைக்காது, ஆனா பள்ளிக்கூடத்துக்கு ஆள் வரலன்னு உறுப்பினர் தீர்மானம் போடுவாரு. வெக்கமா இல்ல?

நூத்தி இருபதுன்னு எழுதியிருக்கே. ஒரே கேள்விதான். நூத்தி இருபது பிள்ளை இருந்தா விட்டுடுவீங்களா? வாயால சொல்லாதே. எழுதிக் குடு. முத்திரையோட.

மனுதாரர்

*

பிப்ரவரி 22
மனு எண் 412, தொடர்ச்சி

மனுதாரர் அவர்களுக்கு,

மார்ச் 14, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்குக் கல்வி அலுவலர் நேரில் வந்து தலைக்கணக்கு எடுப்பார். பதிவேட்டில் பெயர் இருந்து, அந்த நேரத்தில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மட்டுமே கணக்கு. ஒன்பதரைக்கு கேட் மூடப்படும். எண்ணிக்கை நூற்று இருபது அல்லது அதற்கு மேல் இருந்தால் தீர்மானம் மன்றத்தில் வைக்கப்படாது. இதை எழுத்து மூலம் உறுதி அளிக்கிறேன்.

இனி முத்திரைக்கு வெளியே.

நீ நினைக்கற மாதிரி நான் யாருக்கும் கைக்கூலி இல்ல. நாலு வருஷத்துல இந்தப் பக்கம் நானூறு வீடு வந்துருச்சு. காலையில அஞ்சு மணிக்கு எனக்கு வர்ற முதல் போனே தண்ணிதான். கெட்ட வார்த்தையில ஆரம்பிச்சு கெட்ட வார்த்தையில முடிக்கறாங்க. தொட்டி கட்டாட்டி கோடையில குடத்தைத் தூக்கிட்டு என் வீட்டு முன்னாடிதான் உக்காருவாங்க, அதுல முதல் குடம் உன்னோடதா இருக்கும். வகுப்பறையில ஒழுகுது. மூணாவது வகுப்பும் நாலாவது வகுப்பும் ஒரே ரூம்ல, ஒருத்தர் ஒரு பக்கம் கணக்கு சொல்ல இன்னொருத்தர் பாட்டு சொல்றாங்க. இதைக் காப்பாத்தறதுக்கா இவ்வளவு கூச்சல்? இல்ல, வருஷத்துக்கு நூறு உடுப்பு போயிடுமேன்னா?

நூத்தி இருபது முடியாது. உனக்கும் தெரியும். பெட்டியில துணியை அடுக்கி வச்சிட்டு சும்மா இரு.

உறுப்பினர்

*

மார்ச் 6

உறுப்பினரே,

உடுப்புக்காகவா கத்தறேன்? அந்த ஒரு வரிக்கு நீ நல்லா வாங்கிக் கட்டிக்குவே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள்ல பாதிக்கு நான் பழைய உடுப்பை அவிழ்த்து மடிப்பு இறக்கித்தான் குடுக்கறேன். அதுக்கு நூல் விலை கூட வாங்கினதில்ல. போய் எவகிட்ட வேணா கேளு.

பன்னெண்டு நாளா நடக்கறேன். கையெழுத்துப் போட்ட அதே வீடுகளுக்குத்தான் போனேன். அப்போ "வாங்கக்கா, உக்காருங்க, நம்ம பள்ளிக்கூடம்"னு பேசினவங்க, இப்போ கதவுச் சங்கிலிய எடுக்காமலே பேசறாங்க. ஒருத்தர் சொன்னார்: "கையெழுத்துன்னா எத்தனை வேணா போடறேன். பிள்ளைன்னா யோசிக்கணும்." நீ சொன்னது சரின்னு தெரிஞ்சப்ப உன் மேல இன்னும் ஆத்திரம் வந்துச்சு.

ஆனா கேளு. புது அடுக்குமாடி கட்டற இடத்துல, பின்பக்கம் தகர ஷெட்ல, கட்டட வேலைக்கு வந்தவங்களோட பிள்ளைங்க ஒன்பது பேர் மணல்மேட்டுல உருண்டுகிட்டு இருந்துச்சுங்க. எந்தப் பதிவேட்டுலயும் இல்ல. உன் புள்ளிவிவரத்துலயும் இல்ல. வளர்ச்சி வளர்ச்சின்னு மேடையில கத்தறியே, அந்த வளர்ச்சிய செங்கல் செங்கலா தூக்கறவங்க பிள்ளைங்க அதுங்க. வீங்கறதுக்குப் பேரு வளர்ச்சி இல்லடா. தலைமை டீச்சர் ஒன்பதையும் சேர்த்துக்கிட்டாங்க. மாடி வீடுகள்ல கூட்டித் துடைக்கறவங்க பிள்ளைங்க நாலு. வேன்லேர்ந்து இறங்கி வந்தது எட்டு. மொத்தம் இருபத்தொண்ணு.

நூத்திப் பதினெட்டு ஆச்சு உறுப்பினரே. "முடியாது, உனக்கும் தெரியும்"னு எழுதினே. எண்ணிப் பாரு.

இன்னும் ரெண்டு வேணும். தெருவுல தட்ட இனி கதவு இல்ல. மிச்சம் இருக்கறது ரெண்டே கதவு, ஒண்ணு என் மகளோடது, ஒண்ணு உன்னோடது. மகள் கிட்ட நேத்து கேட்டேன். "உங்க வீம்புக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளா"ன்னு தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிட்டா. உங்கிட்டயும் கேக்கறேன். உன் பையனை அனுப்பு. கெஞ்சல. கேக்கறேன்.

மனுதாரர்

*

மார்ச் 9

அக்கா,

மனு எண் போடல, ஏன்னா இது மனுவுக்குப் பதில் இல்ல.

என் பையன் உனக்கு மூட்டையா? எடை குறையுதுன்னு தராசுல தூக்கிப் போட? அவன் இப்பத்தான் அங்க பெருக்கல் ஒழுங்கா கத்துக்கிட்டு வர்றான். நவம்பர்ல சபையில என் மானத்தை வாங்கினே. இப்ப பையனைக் கேக்கறே. அடுத்து என்ன, என் சட்டையையும் அவிழ்த்து மடிப்பு இறக்கப் போறியா?

தீர்மானத்தைக் கொண்டு வர்றது நான். நானே என் பையனை அங்க உக்கார வச்சு அதைத் தோக்கடிச்சா, மன்றத்துல என்னை என்னன்னு கேப்பாங்க? "அக்காவுக்குப் பயந்தவன்"னு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கு. உனக்கு நன்றி.

முதல்ல உன் வீட்டுப் பிள்ளைய அனுப்பு. அப்புறம் அடுத்த வீட்டுக்கு வா. உன்னால முடியாது. உன் மகள் உன் மாதிரியே, அசைய மாட்டா. மண்டை உன்னோடதுதானே.

தம்பி

*

மார்ச் 12

தம்பிக்கு,

பேத்தி சேர்ந்துட்டா. இன்னிக்குக் காலையில பதிவேட்டுல பேர் ஏறிடுச்சு.

எப்படின்னு கேக்காதே. மூணு நாள் சாப்பிடல, அவ்வளவுதான் சொல்லுவேன். மகள் இப்போ என்கூடப் பேசறதில்ல. பொண்ணைக் கொண்டாந்து கேட்டுல விட்டுட்டு, எதிர்ல இருக்கற என் ஜன்னலைத் திரும்பிக்கூடப் பார்க்காம போறா. மருமகன் வேற வீடு பார்க்கறாராம்.

நீ கேட்டபடி என் பக்கம் முடிச்சுட்டேன். நூத்திப் பத்தொன்பது.

நேத்து நீ மீட்டிங்ல "இருந்தப்போ" உன் வீட்டுக்கு வந்தேன். பையனுக்கு ஒரு உடுப்பு தைச்சு உன் பொண்டாட்டி கிட்ட குடுத்திருக்கேன். அளவெடுக்க நீ விடல, அதனால கண்ணளவுதான். வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு கேட் மூடிடுவாங்க.

அக்கா

*

மார்ச் 21
மனு எண் 412, இறுதி

மனுதாரர் அவர்களுக்கு,

மார்ச் 14 அன்று கல்வி அலுவலர் எடுத்த தலைக்கணக்கின்படி வகுப்பில் இருந்த மாணவர் எண்ணிக்கை நூற்றுப் பத்தொன்பது.

மார்ச் 19 அன்று நடந்த நகர்மன்றக் கூட்டத்தில் பள்ளியை இணைக்கும் தீர்மானம் பதினோரு வாக்குகள் ஆதரவாகவும் ஒன்பது வாக்குகள் எதிராகவும் பெற்று நிறைவேறியது. மாணவர்கள் அடுத்த மாதம் முதல் பெரிய பள்ளியில் சேர்த்துக்கொள்ளப்படுவர்.

தங்கள் மனு இத்துடன் முடித்து வைக்கப்படுகிறது.

உறுப்பினர், ஏழாவது வட்டம்

*

மார்ச் 23

தம்பிக்கு,

முடித்து வைக்கப்படுகிறதாம். நீ முடி. நான் இன்னும் முடிக்கல.

ஒரு வாரமா என் கடையில உன் பேரை வச்சு ஏசாத பொம்பளை இல்ல. கூட்டித் துடைக்கறவங்கள்ல ஒருத்தி, ரெண்டு பிள்ளைங்களையும் ரோட்டைத் தாண்டிக் கூட்டிட்டுப் போனா வேலைக்கு நேரமாகிடும், வேலைய விட்டுட வேண்டியதுதான்னு அழறா. அப்புறம் "உங்க தம்பி மட்டும் அந்த ஒரு பிள்ளைய அனுப்பியிருந்தா"ங்கறா. எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. நான் தலைய நிமிர்த்தாம பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கிட்டு இருக்கேன். நீ வரவே இல்லன்னு அவங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அப்படியே நினைக்கட்டும்னு விட்டுட்டேன்.

நீ வந்தே.

ஒன்பது இருபத்தெட்டு இருக்கும். அம்மாக்கள் எல்லாரும் உள்ள, பிள்ளைங்களை வரிசையா உக்கார வச்சுக்கிட்டு இருந்தாங்க. தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. முனையில நீ திரும்பினதைப் பார்த்தேன். பையன் கையைப் பிடிச்சுக்கிட்டு, நான் தைச்ச உடுப்போட. தோள்பட்டை அரை இஞ்சு இறங்கியிருந்துச்சு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. சந்தோஷம்தான், வேற என்ன. ஜெயிச்சுட்டேன்னு. நான் ஜெயிச்சா எனக்கு வாய் நிக்காதுன்னு உனக்குத் தெரியும்.

"வாங்க உறுப்பினர் ஐயா! கால் கழுவி விட்டவ வீட்டுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? ஓட்டு கேக்க வர்ற அதே நடை!"ன்னு ஜன்னல்லேர்ந்து கத்தினேன். கத்திட்டு சிரிச்சேன். நல்லா, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு.

நீ கேட்டுக்குப் பக்கத்துல வந்து நின்னே. என்னையே பார்த்தே. அப்புறம் திரும்பிட்டே. நான் "டேய், டேய்"னு கூப்பிட்டுக்கிட்டே வெளியே ஓடி வர்றதுக்குள்ள நீ முனை தாண்டிட்டே. உள்ள மணி அடிச்சுட்டாங்க.

மன்னிப்பு கேக்கல. நீயும் எனக்கு நிறைய பாக்கி. ஆனா பள்ளிக்கூடத்தை மூடினது நான். வீடு வீடா போய் நூத்திப் பத்தொன்பது வரைக்கும் சேர்த்துட்டு, ஒரு பிள்ளைய வாயால விரட்டினேன். வர்ற சனிக்கிழமை அம்மாக்கள் எல்லாரையும் கடைக்கு வரச் சொல்லியிருக்கேன். அவங்க மூஞ்சிய பார்த்து சொல்லிடப் போறேன், அவன் வந்தான், நான்தான் கெடுத்தேன்னு. அப்புறம் என் மூஞ்சில எவ வேணா துப்பட்டும்.

அக்கா

*

மார்ச் 27

அக்கா,

பேனாவுல எழுதறேன். ஆபீஸ்ல டைப் அடிக்கிறவர் இதைப் படிக்க வேணாம்.

சனிக்கிழமை சொல்றதா இருந்தா முழுசா சொல்லு. பாதிய முழுங்கிட்டு நல்ல பேர் வாங்காதே. தப்பு மொத்தமும் என்னோடதுன்னு நீ மாரடிச்சுக்கிட்டா, ஊரெல்லாம் "ஐயோ பாவம் அக்கா"ங்கும். பழியிலயும் நீயே மூத்தவளா இருக்கணுமா?

முந்தின நாள் சாயந்திரமே பையன் பேரை யாருக்கும் தெரியாம பதிவேட்டுல ஏத்திட்டேன். நான் நின்ன இடத்துலேர்ந்து கேட் பத்து அடி. நீ சிரிச்சே, நிஜம். பத்து அடி நடந்து பையனை உள்ள விட்டுட்டு, அப்புறம் திரும்பி வந்து உன் ஜன்னல்ல கல்லெறிஞ்சிருக்கலாம். செஞ்சிருக்கணும். பையன் கேட்டான், "அத்தை ஏன் உங்களைப் பார்த்து அப்படி சிரிக்கறாங்க?"ன்னு. அந்த ஒரு கேள்விக்காக நூத்திப் பத்தொன்பது பிள்ளைங்களோட பள்ளிக்கூடத்தைக் கைவிட்டுட்டு வீட்டுக்குப் போனேன். அஞ்சு நாள் கழிச்சு மன்றத்துல கையும் தூக்கினேன். அந்தப் பதினோரு கையில ஒண்ணு என்னோடது. நான் தூக்காம இருந்தா பத்துக்கு ஒன்பது, அப்பவும் நிறைவேறியிருக்கும். தூக்காம மட்டும் இல்ல, எதிரா போட்டிருந்தா பத்துக்குப் பத்து. சமமானா தீர்மானம் விழுந்திருக்கும். இந்தக் கணக்கை நான் போடாத நாள் இல்ல. அம்மாக்கள்கிட்ட இதையும் சொல்லு. நீ சொல்லாட்டி நான் வந்து சொல்லுவேன்.

பையன் அந்த உடுப்பைக் கழட்டறப்போ, "நாளைக்குப் போகலாமா?"ன்னு கேட்டான். உன் பேத்தியும் இல்லாம அந்த வேன்ல அவனுக்குச் சண்டை போட ஆள் இல்லையாம்.

உன்னை மன்னிக்கல. நீயும் மன்னிக்க வேணாம்.

திங்கக்கிழமை காலை பத்து மணிக்கு பள்ளிக்கூடத்தைப் பூட்ட வர்றாங்க. சாவிய வட்ட உறுப்பினர் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கணும். நான் கையெழுத்துப் போடாம அன்னிக்குப் பூட்டு விழாது. அதுதான் விதி, நான் படிச்சுப் பார்த்துட்டேன். அதே தெருமுனை வழியா, பத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி நடந்து வருவேன்.

நீ சும்மா இருக்க மாட்டே. ஜன்னல்லேர்ந்து ஏதாவது கத்துவே. கத்தினா நான் திரும்பிப் போயிடுவேன். என் குணம் உனக்குத் தெரியும்.

தம்பி